மூன்றாவது ஓலைக்கு முந்தின நாள் ஃபைனல்

என் செல்ல ரொமானா அத்தைக்கு,

உங்கள் முப்பதாம் நாள் பூசையும் முடிந்துவிட்டது. உங்கள் போனை ரோஷன் அத்தான் இன்னும் அணைக்கவில்லை. அம்மாவின் போனை மகன் எப்படி அணைப்பான்? நேற்றுப் பழக்கதோஷத்தில் ஒரு வாலிபால் வீடியோவை உங்களுக்கு அனுப்பிவிட்டேன். யாரோ ஒரு வெளிநாட்டுப் பெண் முதுகுப் பக்கமாகவே பந்தைத் தூக்கிக் கொடுக்கிறாள், அத்தை! நீங்கள் பார்த்திருந்தால் "கை நல்ல கைதாம்ளா, காலுதான் தூங்குது" என்று வாய்ஸ் மெசேஜ் வந்திருக்கும்.

எனக்கு ஒரு சர்வீஸ்கூட வலையைத் தாண்டாது என்று உங்களுக்குத் தெரியும். விதியெல்லாம் போனில் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். ஆனால் அந்தக் காலத்துப் பெண்கள் கல்லூரி வாலிபாலைப் பற்றி இணையத்தில் ஒரு பக்கம் நடத்துகிறேன், அதில் நாலு பேர் வந்து சண்டை போடுகிறார்கள் என்றால், அந்தப் பைத்தியம் உங்களிடமிருந்து வந்ததுதான். இந்தக் கடிதத்தையும் அங்கேதான் போடப் போகிறேன். எல்லாரும் படிக்கட்டும். உங்கள் ஃபைனலைப் பற்றி உங்களிடமே சொல்லுகிறேன். தப்பாகச் சொன்னால் கனவில் வந்து திட்டுங்கள்.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம். தூத்துக்குடியில் நீங்கள் படித்த பெண்கள் கல்லூரி, பல்கலைக்கழகக் கோப்பையின் ஃபைனலுக்கு வந்துவிட்டது. அதற்கு முன் வந்ததே இல்லை. நீங்கள் லிஃப்டர், வருகிற பந்தை வலைக்குப் பக்கத்தில் பூப்போலத் தூக்கிவிடுகிறவர். அதைப் பாய்ந்து அடிக்கிறவர் காப்டன் ஜெபமணி. நாசரேத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்தவர். நீங்கள் தூக்காவிட்டால் அவர் அடிக்க முடியாது. அவர் அடிக்காவிட்டால் நீங்கள் தூக்கியதற்கு அர்த்தம் இல்லை. எதிரே மதுரைக்காரிகள், வருஷா வருஷம் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள். ஆட்டம் உங்கள் சொந்த மைதானத்தில், சனிக்கிழமை சாயங்காலம்.

எல்லாம் சரிதான். அதற்கு முந்தின இரண்டு ஞாயிறும் கோயிலில் உங்களுக்குக் கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டதே, அத்தை!

என் இணையப் பக்கத்தை வடக்கேயிருந்தும் பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன்: இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு பூசையில் பங்குச் சாமியார் அறிவிப்பார். அதுதான் ஓலை. முதல் ஓலை வாசித்துவிட்டால், நம் தெருவில் பெண் வாசலைத் தாண்டக் கூடாது. மாமியார் முன்னால் முக்காடு இல்லாமல் நிற்கவும் கூடாது. உங்கள் மூன்றாவது ஓலை ஞாயிற்றுக்கிழமை. ஃபைனல் அதற்கு முந்தின நாள். கல்லூரியிலும் அதுதான் உங்கள் கடைசி வருஷம். இந்த ஆட்டம் போனால் இனி ஆட்டமே கிடையாது.

வியாழக்கிழமை ஜெபமணி அம்மா நம் வீட்டுக்கு வந்து நின்றாராம். இந்தக் கட்டத்தை நீங்களும் சொல்லியிருக்கிறீர்கள், அவரும் எனக்கு வாய்ஸ் மெசேஜில் சொல்லியிருக்கிறார். இரண்டிலும் உங்கள் அப்பா, என் தாத்தாவின் குரல் ஒரே மாதிரி இருக்கிறது.

"அப்பா, ஒரே ஒரு சாயங்காலம். ரொமானா இல்லாட்டி எனக்குப் பந்து தூக்க ஆளில்ல."

"ஓல வாசிச்ச பிள்ள வாசலத் தாண்டாது. ஒங்க ஊர்ல எப்படியோ."

"எங்க ஊர்லயும் ஓல வாசிப்பாவ. ஆனா பிள்ளயப் பூட்டிப் போட மாட்டாவ."

"அப்ப ஒங்க ஊர்லயே ஒருத்தியப் பாத்துத் தூக்கச் சொல்லு."

நீங்கள் கதவுக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தீர்கள். ஜெபமணி அம்மா செருப்பை மாட்டப் போன நேரத்தில்தான் அடுக்களையிலிருந்து உங்கள் அம்மாவின் குரல் வந்தது.

"கோயிலுக்குப் போலாம்லா?"

"கோயிலுக்குப் போறத யாரு தடுத்தா?" என்றார் தாத்தா.

"அதத்தான் சொல்லுதேன். காலேஜுக்குள்ளயும் ஒரு கோயில் இருக்குல்லா."

தாத்தா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "நான் தோணியடிக்குப் போறேன். எனக்கு ஒண்ணும் கேக்கல" என்று இறங்கிப் போய்விட்டார். இதைச் சொல்லும்போதெல்லாம் உங்களுக்குச் சிரிப்பு அடங்காது. பாதியில் இருமல் வந்துவிடும்.

சனிக்கிழமை புடவையும் முக்காடுமாகக் கல்லூரிக் கோயிலுக்குள் போனீர்கள். வீட்டில் சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்று உண்மையாகவே முழங்காலில் நின்று செபித்தீர்களாம். அப்புறம் ஹாஸ்டலுக்கு ஓடி உடை மாற்றிக்கொண்டு மைதானத்துக்கு வந்தீர்கள். பாவாடை மாதிரித் தைத்த அந்த டிவைடட் ஸ்கர்ட் கால்சட்டை முழங்காலுக்குக் கீழே எவ்வளவு தூரம் இறங்க வேண்டும் என்று சிஸ்டர் வைத்த சட்டத்தை என் பக்கத்தில் எழுதினேன். ஒரு பையன் நம்பவே இல்லை, அத்தை. "இதப் போட்டுட்டு எப்படி ஓடினாங்க?" என்று கேட்கிறான். ஓடினார்கள் தம்பி, ஓடினார்கள்.

எனக்கு அந்த மைதானம் கண்ணில் நிற்கிறது. செம்மண் தரை, சிப்பிச் சுண்ணாம்பில் போட்ட கோடு. நாலு மணிக்கு மேல் கடல் காற்று ஏறிவிடும். உயரத் தூக்கின பந்தைக் காற்று பிடித்துக்கொண்டு போகும். மதுரைக்காரிகளுக்கு அது பிடிபட இரண்டு செட் ஆனது. அந்த இரண்டையும் நீங்கள் எடுத்தீர்கள். பிடிபட்டதும் அடுத்த இரண்டை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஐந்தாவது செட்.

இதே நேரத்தில் உங்கள் மாமியார் தொதல் இனிப்பு நிறைந்த தூக்குச்சட்டியுடன் நம் வீட்டு வாசலில் நின்றார்.

"எங்க எம்மருமவ?"

"கோயிலுக்குப் போயிருக்கா" என்றார் உங்கள் அம்மா.

"இந்நேரம் எந்தக் கோயில்ல பூச?"

உங்கள் அம்மாவுக்குப் பொய் அதற்கு மேல் வரவில்லை. "காலேஜ் கோயில்ல" என்றுவிட்டார். மாமியார், வந்த ரிக்‌ஷாவைத் திருப்பச் சொன்னார்.

மதுரை பதினாலு, நீங்கள் பதின்மூன்று. இப்போது போல எல்லாப் பந்துக்கும் புள்ளி கிடைக்காது. சர்வீஸ் போடுகிறவர்களுக்குத்தான் புள்ளி. சர்வீஸ் அவர்களிடம். அந்த ஒரு பந்தை அடித்துவிட்டால் சர்வீஸ் உங்கள் கைக்கு வந்துவிடும். அவர்கள் போட்ட பந்தைப் பின்வரிசை அழகாக எடுத்து உங்களுக்கு அனுப்பியது. பந்து மேலே ஏறி உங்களை நோக்கி இறங்குகிறது. ஜெபமணி அம்மா ஓடிவந்து எம்பிவிட்டார். நீங்கள் இரண்டு கையையும் தூக்கினீர்கள்.

அப்போதுதான் கம்பத்துக்குப் பின்னால் உங்கள் மாமியார் நிற்பதைப் பார்த்தீர்கள்.

தூக்கின கை பந்துக்குப் போகவில்லை. தலைக்குப் போனது. அங்கே இல்லாத முக்காட்டை இழுத்துவிடப் போனது. பந்து உங்கள் காலடியில் விழுந்து, ஒருதடவை துள்ளி, வலைக்கு அடியில் உருண்டு போய்விட்டது.

அந்தரத்திலிருந்து இறங்கின ஜெபமணி அம்மாதான் முதலில் பேசினார்.

"ஏளா ரொமானா, தலையில பேன் பாக்கவாளா இப்ப நேரம்?"

மாமியாருக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் நின்ற ஹாஸ்டல் ஆயாவிடம் கேட்டார்.

"ஏன் எல்லாரும் நிப்பாட்டிட்டாவ?"

"ஆட்டம் முடிஞ்சிட்டும்மா."

"யாரு ஜெயிச்சா?"

"மதுரை. நம்ம பிள்ள பந்தப் பாக்காம ஒங்களப் பாத்துட்டுல்லா."

அத்தை, அடுத்து நடந்ததை நான் இதுவரை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. உங்கள் மாமியார் தொதல் தூக்கைக் கீழே வைத்தார். சுண்ணாம்புக் கோட்டை மிதித்துக்கொண்டு நேரே நடுவரிடம் போனார்.

"ஐயா, அந்த ஒரு பந்த மட்டும் திருப்பிப் போடச் சொல்லும். நான் வந்தது தப்புதான். நான் அங்கிட்டுத் திரும்பி நின்னுக்கிடுதேன்."

"அப்படில்லாம் முடியாதும்மா. ஆட்டம் முடிஞ்சி போச்சு."

"ஒரே ஒரு பந்துதான ஐயா?"

கேட்டுவிட்டு உண்மையாகவே முதுகைக் காட்டித் திரும்பி நின்றாராம். கடலைப் பார்த்துக்கொண்டு. நடுவர் என்ன செய்வார் பாவம்? விசிலைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய்விட்டார். தோற்றதற்கு அழவில்லை, அந்த முதுகைப் பார்த்துத்தான் அழுதேன் என்று என்னிடம் சொன்னீர்கள்.

ரிக்‌ஷாவில் மாமியாரோடு திரும்பும்போதே, கல்யாணம் நிற்கப் போகிறது என்று நீங்கள் முடிவே கட்டிவிட்டீர்கள். வாசலில் தாத்தா நின்றார்.

"பூச முடிஞ்சிட்டா?"

"முடிஞ்சிட்டு" என்றார் மாமியார். "இன்னைக்குக் கொஞ்சம் நீளப் பூச."

"சாமியார் நல்லாப் பிரசங்கம் வச்சாரோ?"

"கடைசியிலதான் கொஞ்சம் சொதப்பிட்டாரு."

இருவரும் சிரிக்காமல் பேசிக்கொண்டார்கள். நீங்கள் உள்ளே ஓடிவிட்டீர்கள். மறுநாள் மூன்றாவது ஓலையில் சாமியார் தடையைக் கேட்டபோது, உங்கள் மாமியார் முன்வரிசையிலிருந்து திரும்பி, எவளாவது வாயைத் திறக்கிறாளா என்று கோயில் முழுவதையும் ஒரு பார்வை பார்த்தாராம். யார் திறப்பார்கள்? மாலத்தீவுக்குத் தோணி ஓட்டிப் போயிருந்த மாப்பிள்ளை, நம் மாமா, கரை இறங்கியதும், விஷயத்தைக் கேட்டுவிட்டு, "எத்தன பாய்ண்டுல போச்சு?" என்றுதான் கேட்டாராம்.

அதுதான் உங்கள் கடைசி ஆட்டம். அதற்கப்புறம் கல்யாணம், பிள்ளைகள், மளிகைக் கடை. நான் ஒருநாள் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பந்து மறுபடி வந்தால் என்ன செய்வீர்கள் என்று. கண்ணை மூடி யோசித்துவிட்டு, "பந்தத் தூக்கி ஜெபமணிக்குக் குடுத்துட்டு, அப்புறம் முக்காட்டத் தேடிருப்பேன். ரெண்டுக்கும் நேரம் இருந்துச்சுளா" என்றீர்கள். இத்தனை வருஷம் கழித்தும் கணக்குப் போட்டு வைத்திருந்தீர்கள்!

இப்போது ஊர் நடப்பைச் சொல்லுகிறேன். உங்கள் அஞ்சலி போஸ்டரில் ரோஷன் அத்தான் "பல்கலைக்கழக சாம்பியன்" என்று போட்டுவிட்டார். தெரு முழுக்க ஒட்டிவிட்டு, இணையத்திலும் போட்டார். நான் சண்டைக்குப் போனேன்.

"அத்தான், அத்தை தோத்தாங்க."

"செத்தவங்களுக்கு ஒரு கப்பு குடுத்தா ஒனக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

ஜெபமணி அம்மாவுக்குப் போஸ்டரை அனுப்பினேன். அவரிடமிருந்து ஒரு நிமிஷத்துக்குச் சிரிப்பு மட்டும் வந்தது. சிரிப்பின் கடைசியில் அழுகை.

அப்புறம், அத்தை, நேற்று ராத்திரி இணையத்தில் அந்தப் போஸ்டருக்குக் கீழே மதுரையிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். ராஜேஸ்வரி அம்மாவாம், வயது உங்கள் வயதுதான். அப்படியே தருகிறேன்: "மன்னிக்கணும். அந்த வருஷம் ஜெயிச்சது நாங்க. கடைசி சர்வீஸ் நான் போட்டது. இவங்க முகம் எனக்கு மறக்கவே இல்லை. பந்து வரும்போது ஏன் கையைத் தலைக்குக் கொண்டு போனாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியலை. ஒருதடவை பார்த்துக் கேட்கணும்னு நெனச்சேன். இப்படிப் போயிட்டாங்களே."

உங்களைப் பற்றி ஒருவர் மதுரையில் இத்தனை வருஷம் யோசித்துக்கொண்டு இருந்திருக்கிறார், அத்தை! உங்களுக்குத் தெரியாமல் போய்விட்டதே. தெரிந்திருந்தால் பஸ் ஏறிப் போயிருக்க மாட்டீர்களா? முதலில் அந்த சர்வீஸ் அப்படி ஒன்றும் கஷ்டமான சர்வீஸ் இல்லை என்று சொல்லிவிட்டுத்தானே உட்கார்ந்திருப்பீர்கள்?

அத்தானிடம் அதைக் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். இணையத்தில் போட்டதில் அந்த "பல்கலைக்கழக சாம்பியனை" எடுத்துவிட்டார். தெருவில் ஒட்டினது அப்படியேதான் இருக்கிறது, மழை பார்த்துக்கொள்ளும்.

ராஜேஸ்வரி அம்மாவுக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. இதை டைப் அடித்து அனுப்ப மனசு வரவில்லை. வருகிற சனிக்கிழமை ஜெபமணி அம்மாவைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போகிறேன். ராஜேஸ்வரி அம்மாவின் கையைப் பிடித்து, பிறகு எழுந்து நின்று நடித்துக் காட்டியே சொல்லுகிறேன். உங்கள் மாமியார் திரும்பி நின்றதையும் விட மாட்டேன். நீங்கள் தோற்றீர்கள் என்றுதான் சொல்லுவேன், அத்தை, பதினைந்துக்குப் பதின்மூன்று. ஒரு புள்ளிகூடக் கூட்டிச் சொல்ல மாட்டேன். இது சத்தியம்.

அன்புடன்,
உங்கள் கடைசித் தம்பி மகள்
ஷைனி