அளவுச் சீட்டில் எழுதிய சம்பளம்

அன்புள்ள சிட்டுவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அப்பாவுக்கு முட்டிவலி மட்டும் வருவதும் போவதுமாக இருக்கிறது, வேன் ஓட்டும்போது தெரியவில்லையாம், இறங்கினால்தான் வலிக்கிறதாம், அதனால் இறங்குவதே இல்லை. நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லபடி இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் சித்தி பக்கத்தில் இருப்பாள், நீ ஸ்பீக்கரில் போடுவாய், நான் ஒன்று சொன்னால் அவள் மூன்று சொல்வாள். இதை நீ மட்டும் படி, அவளிடம் காட்டாதே. காட்டுவாய் என்று தெரியும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

மனசில் இருப்பதை முதலில் கொட்டிவிடுகிறேன். எனக்கு உன் சித்திமேல் பொறாமை. கூடப்பிறந்த தங்கைமேல் இந்த வயதில் பொறாமைப்படுகிறேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் வயிறு எரிகிறதே, என்ன செய்ய. நீ அவள் வீட்டுக்குப் போன இந்த ஒன்றரை வருஷத்தில் 'சித்தி சொன்னாங்க' என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாய். காய்ச்சல் வந்து ஒரு வாரம் கழித்து எனக்குச் சொல்கிறாய், அதுவும் 'சித்தி பாத்துக்கிட்டாங்கம்மா, நீ கவலப்படாத' என்று. போன மாதம் அனுப்பிய போட்டோவில் அவளுடைய நீலச் சால்வையைப் போர்த்திக்கொண்டு நிற்கிறாய், அந்த ஊர்க் குளிருக்கென்று நான் உள்ளே பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்த முழுக்கைச் சட்டை என்ன ஆயிற்று, பெட்டியிலேயே தூங்குகிறதா? சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், என்னுடையது எதுவாக இருந்தாலும் அவள் கைக்குப் போனால் பளிச்சென்று ஆகிவிடும். இப்போது நீயும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டாய்.

சரி, படிப்பு விஷயத்துக்கு வருகிறேன். மருத்துவ உதவியாளர் சான்றிதழ் படிப்புக்கு இரண்டு கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது, பத்தாம் தேதிக்குள் ஒன்றில் பணம் கட்ட வேண்டும், எதும்மா நல்லது என்று கேட்டாய். கேட்ட கையோடு, பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கல்லூரியே போதும் என்று சித்தி சொன்னதாகவும் சொன்னாய். அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, இன்னொன்று இருக்கிறதே, அந்தப் பெரிய கண்ணாடிக் கட்டடத்துக் கல்லூரி, அதுதான் சரி, நம் தெருமுனைக் கிளினிக்கில் விசாரித்துவிட்டேன், அங்கே படித்தவர்களுக்குத்தான் சம்பளம் கூடவாம், கடன் வாங்கினாலும் இரண்டே வருஷத்தில் அடைத்துவிடலாமாம் என்று அடித்துச் சொல்லிவிட்டேன். சிட்டு, நான் யாரையும் விசாரிக்கவில்லை. அன்றைக்கு நான் தையல் கடையை விட்டு வெளியே கால் வைக்கவில்லை. அவள் சின்னது என்றாள், அதனால் நான் பெரியது என்றேன். நீயும் 'அப்ப சரிம்மா, கடனுக்கே எழுதிக் குடுத்துடறேன்' என்றாய். சித்தி பேச்சைத் தள்ளிவிட்டு என் பேச்சைக் கேட்டாளே என்று அன்றைக்குப் பூராவும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் காலையில்தான் என்ன பொய் சொல்லிவிட்டேன் என்று உறைத்தது.

செவ்வாய்க்கிழமை அதே கிளினிக்கிலிருந்து வருஷாவருஷம் போலச் சீருடைக்கு அளவெடுக்கக் கூப்பிட்டார்கள். நாலு உதவியாளர்கள், பிரஷர் பார்க்கும் அறையில் திரையை இழுத்துவிட்டு ஒவ்வொருவராக வந்தார்கள். டேப்பைச் சுற்றி ஒருத்தியை நிற்க வைத்துவிட்டால் அவள் எங்கேயும் ஓட முடியாது, கேட்டதற்கெல்லாம் பதில் வரும். தோள் பதினாலரை, கை ஒன்பது, எங்கே படித்தாய், படிப்புக்கு எவ்வளவு ஆயிற்று, சம்பளம் எவ்வளவு, கடன் இன்னும் எவ்வளவு பாக்கி என்று எல்லாவற்றையும் அளவுச் சீட்டிலேயே எழுதிக்கொண்டேன். இரண்டு பேர் கண்ணாடிக் கட்டடம் மாதிரியான இடத்தில் ஒன்றரை வருஷம் படித்தவர்கள், செலவு ஒரு வருஷச் சம்பளத்துக்கு மேலே. மற்ற இருவர் சின்ன இடத்தில் பத்தே மாதம், செலவு மூன்று மாதச் சம்பளம். இப்போது நாலு பேருக்கும் ஒரே சம்பளம், ஒரே வேலை, ரத்தம் எடுப்பதும் கோப்பு எடுத்து வைப்பதும். சின்ன இடத்துக்காரிகளுக்குக் கடன் என்றைக்கோ முடிந்துவிட்டது. பெரிய இடத்தில் படித்த நெட்டைப் பெண்ணுக்குச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு மாதாமாதம் கடனுக்கே போகிறது, இன்னும் மூன்று வருஷம் பாக்கி. 'ஊசி குத்தறப்போ எந்தக் காலேஜுன்னு யாரு அக்கா கேக்கறாங்க' என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் இடுப்பளவு போன வருஷத்தைவிட இரண்டு அங்குலம் குறைந்திருக்கிறது. நீ அப்படி நின்று எவளோ ஒருத்தி உனக்கு டேப் பிடிப்பதை நினைத்தேன், அவள் அளவை இன்னொரு தடவை எடுக்க வேண்டியதாயிற்று.

அதனால் சித்தி சொன்னதுதான் சரி. இந்த வரியை இரண்டு தடவை எழுதி அடித்தேன், அடித்தது உனக்கே தெரியும். பணம் கட்டாதே என்று அப்பாவை இன்றே உனக்குப் போனில் ஒரு வரி அனுப்பச் சொல்லியிருக்கிறேன், காரணத்தை நான்தான் சொல்ல வேண்டும் என்பதால் இந்தக் கடிதம். ஆனால் சின்ன இடம் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டும் சேராதே. அந்த நாலு பேரில் மூத்தவள் சொன்னதைக் கேட்டுக்கொள்: அங்கே படித்தால் சான்றுத் தேர்வு எழுத விடுவார்களா, நிஜக் கிளினிக்கில் பயிற்சிக்கு அனுப்புவார்களா, சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்று கேள். எல்லோருக்கும் வேலை கிடைத்தது என்றால் என்ன வேலை என்று கேள், துணிக்கடையில் நிற்பவளையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுவார்களாம். குறைகிற பணத்துக்குச் சித்தி கொடுக்கிறேன் என்றால் வாங்கிக்கொள். முதல் சம்பளத்திலிருந்தே திருப்பிக் கொடு, அதில் மட்டும் நாள் தள்ளாதே.

நல்லபடி படித்து, உன் காலில் நின்று, நீண்ட நாள் சுகமாக இருக்க வேண்டும், அம்மாவின் மனசு முழுக்க அதுதான். ஒன்றை மறந்துவிடாதே, சீருடையைக் கடையில் வாங்காதே, நான்தான் தைப்பேன், துணி எடுத்தாயிற்று. ஆனால் என்னிடம் இருப்பது நீ போகும்போது எடுத்த அளவு, போட்டோவில் தோள் கூடின மாதிரி இருக்கிறது, இங்கிருந்து எனக்கு எட்டவில்லை. சித்தியையே அளவெடுக்கச் சொல். அவளுக்கு டேப் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே நான்தான், எப்போதும் இறுக்கிப் பிடிப்பாள், அரை அங்குலம் நான் கூட்டிக்கொள்கிறேன். அப்படியே அவளுடைய அளவையும் வாங்கி அனுப்பு. அவளுக்கும் ஒரு ரவிக்கை வரும்படி துணி கொஞ்சம் கூடுதலாகத்தான் எடுத்தேன், வேண்டுமென்று எடுத்ததாகச் சொல்லாதே. சால்வையை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடு.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா