ஆள் இல்லை

என் வாயை வளர்த்த அம்மாவுக்கு, வாயாடி மகளின் வணக்கம். மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். உன் முழங்கால் வலியும் அப்பாவின் கோபமும் குறைந்தனவா?

டிவியில் எங்கள் ஏரியைப் பார்த்துப் பயந்திருப்பாய். ஏறிய குட்டி விமானம் ஏரியில் இறங்கிவிட்டது, அவ்வளவுதான். நான் படகில் கயிறு பிடிக்கிறவள், கால்கூட நனையவில்லை.

எங்கள் டைவர் அண்ணன் (டிரைவர் இல்லை, முங்குகிறவர்) அடியில் கிடந்த விமானத்தைப் பார்த்துவிட்டு, தண்ணீருக்குள் எழுதும் பலகையைக் கயிற்றில் அனுப்பினார். "ஆள் இல்லை" என்றிருந்தது. விமானியின் மனைவி பிடிவாதமாக எங்கள் படகிலேயே வந்திருந்தார்; படித்ததும் அப்படியே சரிந்து உட்கார்ந்தார்.

"அக்கா, இருங்க. உள்ள யாரும் இல்லைன்னும் படிக்கலாமே" என்றேன்.

"இப்பவுமா உன் வார்த்தை விளையாட்டு?" என்று சூப்பர்வைசர் பல்லைக் கடித்தார்.

பலகையைத் துடைத்து, "உயிரோடு இல்லையா, உள்ளே இல்லையா?" என்று எழுதி இறக்கினேன். பதில் வரும்வரை என் ஒரு கையில் கயிறு, மறு கையில் அந்த அக்காவின் கை.

"உள்ளே இல்லை. பெல்ட் கழற்றியிருக்கு. கதவு திறந்திருக்கு."

சாயங்காலம் எதிர்க்கரை நாணலுக்குள் விமானி உயிரோடு கிடைத்தார், ஒரு கால் முறிவோடு. ஆஸ்பத்திரியில் அந்த அக்கா, "கரைக்கு வந்தவருக்கு ஒரு குரல் குடுக்கத் தெரியலியா?" என்று அரைமணி நேரம் திட்டினார். மனிதர் காலில் கட்டோடு சிரித்துக்கொண்டே கேட்டார்.

தலைக்கு எண்ணெயும் உன் பழைய புடவை ஒன்றும் அனுப்பு. போர்வை இருக்கிறது, இருந்தாலும் அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை போனைச் சட்டென்று வைத்துவிடாமல் என்னைக் கொஞ்சம் நீளமாகத் திட்டு. படகு கிளம்புகிறது, வருகிறேன்.

உன் வாயாடி