திரையின் இடது பக்கம்

மாப்ளே,

உன் கம்ப்யூட்டர் இன்று காலை என் கடைக்கு வந்தது. உன் மனைவி திருத்துறைப்பூண்டியிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்திருக்கிறாள். மூடியைக் கழற்றியதும் தூசி வாசனையோடு, ஆயுத பூஜைக்கு நீ அப்பிவிட்ட சந்தனத்தின் வாசனையும் லேசாக வந்தது. தூசியை மட்டும் பிரஷ்ஷால் தட்டினேன், சந்தனத்தைத் தொடவில்லை.

கல்யாணப் பத்திரிகை அடிக்கிற உன் கடையை மறுபடி திறக்கப் போகிறாளாம். ஆன் செய்தால் எழுத்தெல்லாம் பூசணிக்காய் மாதிரி பெரிதாக வருகிறது, திரை துடிக்கிறது என்றாள். அது நிஜமான டிரைவர் கோளாறு, திரையை இயக்குகிற சாஃப்ட்வேரின் கோளாறு. தானாக அப்டேட் ஆகி, உன் பழைய கிராபிக்ஸ் கார்டுக்கு ஒத்துவராத டிரைவர் ஏறியிருந்தது. சேஃப் மோடில் போய் அதைத் தூக்கிவிட்டுப் பழையதைப் போட்டேன். இருபது நிமிஷத்தில் திரை தெளிந்துவிட்டது.

அப்போதுதான் கேட்டாள். "ஏண்ணே, இதெல்லாம் வலது ஓரமா நிக்குது? எல்லாருக்கும் கீழதானே இருக்கும்?"

ஸ்டார்ட் பட்டன், டூல்பாக்ஸ், ஃபோல்டர்கள், எல்லாம் வலது ஓரத்தில் அடைந்து கிடந்தன. "மார்க்கெட்ல வேலை இருந்தா முடிச்சுட்டு வாம்மா, பாத்து வைக்கிறேன்" என்று அவளை அனுப்பினேன். பதில் சொல்லத் தைரியம் இல்லாமல்தான் அனுப்பினேன்.

அங்கே தள்ளி வைத்தது நான் என்று உனக்குத் தெரியும். ஏன் என்பது தெரியாது.

"மாப்ள, ஸ்கிரீன்ல இடது பக்கம் மங்குதுடா. ஸ்டார்ட் பட்டன் அப்பப்ப காணாமப் போயிடுது" என்று நீ போனில் சொன்னபோது, பாலிடெக்னிக்கில் லேபுக்கு வராமல் கான்டீனில் உட்கார்ந்திருந்ததை இழுத்து உன்னைக் கிண்டல் செய்தேன். மறுநாள் வந்தேன். கேபிளைப் பிடுங்கி மாட்டினேன், கார்டைக் கழற்றி அதன் முனையை அழிரப்பரால் தேய்த்தேன், டிரைவரை மாற்றினேன். "பரவால்ல" என்றாய். ஒரே வாரத்தில் மறுபடி போன் வந்தது.

இரண்டாம் முறை என் கடை மானிட்டரையே வண்டியில் கட்டிக்கொண்டு வந்தேன். அதிலும் இடது பக்கம் மங்குகிறது என்றாய். எனக்கோ மூலை முடுக்கெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. கடைசியாக உன் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து என் போனுக்கு அனுப்பிப் பார்த்தேன். படம் முழுசாக இருந்தது. அப்படி இருந்தால் கார்டும் டிரைவரும் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். மானிட்டரையும் கேபிளையும் ஏற்கெனவே மாற்றியாயிற்று. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதுதான் எங்கள் தொழில். மாற்றிப் பார்க்க முடியாமல் மிச்சம் இருந்தது, திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த நீ மட்டும்தான்.

அது என் மண்டைக்கு எட்டவில்லை என்று இப்போது சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். எட்டியது, மாப்ளே. "எதுக்கும் கண்ணக் காட்டிட்டு வாடா" என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

ஆனால் அன்று உன் கடையில் ஆட்கள் இருந்தார்கள். கோடியக்கரையிலிருந்து மீன்பிடி போட்டுக்காரர் ஒருவர், மகன் கல்யாணப் பத்திரிகைக்காகச் சொந்தக்காரர்கள் நாலு பேரோடு வந்து உட்கார்ந்திருந்தார். நீ வேறு அவர்களிடம், "பட்டுக்கோட்டையிலேர்ந்து வந்திருக்கான். இவன் கை வச்சுச் சரியாகாம எதுவும் போனதில்லங்க" என்று சொல்லி வைத்திருந்தாய். அத்தனை பேர் முன்னால் "எனக்குப் பிடிபடலை" என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

அதனால் என்ன செய்தேன் தெரியுமா? டாஸ்க்பாரை வலது ஓரத்துக்கு இழுத்தேன். டூல்பாக்ஸை வலது பக்கம் கொண்டுவந்தேன். நீ வேலை செய்கிற விண்டோவைச் சுருக்கி அதையும் வலது பக்கமாக ஒதுக்கினேன். "டிரைவர்தான் மாப்ள. புதுசு போட்டுட்டேன். இனிமே வராது" என்றேன். நீ உட்கார்ந்து பார்த்துவிட்டு, "ஆமாடா, எல்லாம் தெரியுது. கைராசிக்காரன்டா நீ" என்றாய். நீ வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு ஊர் திரும்பினேன்.

அந்தப் பத்திரிகையில்தான் இனிஷியல்கள் போயின. இடது ஓரத்தில் இருந்த எழுத்துகள் வெட்டுப்பட்டதை நீ கவனிக்கவில்லை. "எம் மவனுக்கு அப்பன் பேரே இல்லாம அடிச்சிருக்கியளே" என்று போட்டுக்காரர் குதித்ததை நீ போனில் நடித்துக் காட்டிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். "வயசாயிடுச்சு, கண்ணாடி போடுடா" என்றேன். சொல்ல வேண்டியதைக் கேலியாகச் சொல்லிவிட்டு, சொல்லியாயிற்று என்று எனக்கு நானே கணக்குக் காட்டிக்கொண்டேன்.

நாலு மாசம் கழித்து உன் மச்சினன் கல்யாணப் பந்தியில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "தம்பி, உப்பு, ஊறுகா, இனிப்பு ஒண்ணுமே வைக்கலியேப்பா" என்று பரிமாறுகிறவரைக் கூப்பிட்டாய். "வச்சிருக்குங்கண்ணே" என்றார் அவர். மூன்றும் உன் இலையின் இடது மூலையில் இருந்தன. நீ கையால் இலையைத் தடவித் தேடினாய்.

மறுநாள் காலையில் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு உன்னைக் கூட்டிப்போனேன். "எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒரு பத்து நாளா இருக்குங்க. முன்னாடி கம்ப்யூட்டர்லயும் இப்படித் தெரிஞ்சுச்சு, ஆனா அது டிரைவர் கோளாறு. இவன்தான் சரி பண்ணான்" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாய். "இல்லடா?"

நான் தலையாட்டினேன். டாக்டர் பத்து நாள் என்று எழுதிக்கொண்டார்.

தலைக்குள் கட்டி என்றார்கள். ஆபரேஷன் செய்தார்கள். நீ வீடு திரும்பவில்லை. நாலு மாசம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாயா என்று இந்த இரண்டு வருஷத்தில் ஒரு டாக்டரிடமும் நான் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களோ என்று பயம். வார்டில் உன் கட்டிலருகே உட்கார்ந்திருந்த அத்தனை நாளும் உன்னிடமாவது சொல்லியிருக்கலாம். ஆரஞ்சு உரித்துச் சுளைகளைத் தட்டில் வலது பக்கமாக அடுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்கு அவள் காய்கறிப் பையோடு திரும்பி வந்தாள். இன்றைக்கும் ஏதாவது ஒரு டிரைவரின் மேல் பழியைப் போட்டிருக்கலாம். போடவில்லை. அன்றைக்கு மிஷினில் ஒரு கோளாறும் இல்லை என்று ஆரம்பித்து, டாக்டர் முன்னால் தலையாட்டியது வரை நின்றபடியே சொன்னேன். பையைக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

"எனக்கும் தெரியாமலே இருந்திருக்கலாம்" என்றாள்.

பஸ் ஸ்டாண்டு வரை கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு கூடவே போனேன். படியில் ஏறி நின்று வாங்கிக்கொண்டாள். காலையிலிருந்து வாய்க்கு வாய் அண்ணே என்று கூப்பிட்டவள், போகும்போது ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. சொன்னால் என் பாரம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. அவள் தலையிலும் கொஞ்சம் ஏற்றி அனுப்பியதுதான் மிச்சம். இனி அந்தக் கடையில் அதை ஆன் செய்யும்போதெல்லாம் அவளுக்கு இது ஞாபகம் வரும்.

இதைக் கேட்டிருக்க வேண்டியவன் நீ. கேட்டிருந்தால் நீ என்னைத் திட்டியிருப்பாய், அடித்தாலும் அடித்திருப்பாய், அதற்கு உனக்கு உரிமை இருந்தது. அதற்கு நான் இடமே கொடுக்கவில்லை. உன்னிடம் திட்டு வாங்க வேண்டியவன், கைராசிக்காரன் என்று பேர் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறேன்.