இரண்டு விலாசம்

ஆவணி 9, இரவு

நேற்றுக் கொழும்பில் விசா நேர்முகம். "கலியாணம் முடிச்சு ரெண்டு பேரும் எங்க இருந்தீங்க?" என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார். "கல்லடியில, எங்கட வீட்டில" என்றேன். வெள்ளைக்கார அதிகாரி படிவத்தைப் பார்த்தாள். எதையோ சுற்றி வட்டம் போட்டாள்.

இன்று ஊர் வந்திறங்கியதும் கனடாவிலிருக்கும் கணவருக்குப் போன் எடுத்தேன். "ஸ்பொன்சர் படிவத்தில எந்த விலாசம் போட்டீங்க?"

"என்ட அடையாள அட்டையில உள்ள எங்கட அம்மா வீட்டு விலாசம், வவுணதீவுதான். ஏன் புள்ள?"

எங்கள் பக்கம் கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். அதை அந்த அதிகாரிக்கு யார் சொல்வது? பொய்க் கலியாணம் என்று எழுதிவிட்டால்?

இங்கே இருந்த இருபத்தொரு நாளும் அவர் கட்டிய சாரம் அறைக் கொடியில் கிடக்கிறது. வாசம் போய்விடும் என்று இன்னும் துவைக்கவில்லை. படமெடுத்து அனுப்பலாம். யாருடைய சாரம் என்று கேட்பார்கள்.