டீச்சர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்

செவ்வாய்க்கிழமை, இரவு

மகள் ஹேமாவின் தமிழ் டீச்சர் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் வீட்டுப்பாடத்தை எப்போதும் எழுதித்தான் போடுவார். இன்று வாய்ஸ் மெசேஜ் வந்தது. பேச்சுக்குப் பின்னால் குக்கர் விசில் கேட்டது. அவர் எழுதாமல் பேசி அனுப்பியதற்குக் காரணம் நான்தான்.

நேற்று அவர் எழுதியதில் இலக்கணப் பிழைகள் இருந்தன. திருத்தி, எல்லாரும் பார்க்கிற மாதிரி அதே குரூப்பில் போட்டேன். வீட்டில் நாங்கள் பேசுவது சௌராஷ்டிரம். தமிழ் நான் பள்ளிக்கூடத்தில் படித்துப் படித்துச் சேர்த்தது. அந்தத் திமிர்.

இன்று சாயங்காலம் பள்ளி வாசலில் என்னைக் கண்டதும் மற்ற அம்மாக்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஹேமாவோடு படிக்கும் கார்த்தியின் அம்மா மட்டும் பக்கத்தில் வந்தார்.

"தப்புன்னா டீச்சர்ட்ட தனியாச் சொல்லிருக்கலாம்லக்கா. அம்புட்டுப் பேரு இருக்கற குரூப்புலயா போடுறது?"



ஹேமாவை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு வில்லாபுரம் வீட்டுக்கு வந்தேன். வாசலில் இறங்கியதும் அவள் சொன்னாள்: "இன்னிக்கு டீச்சர் போர்டுல எழுதவே இல்லம்மா. புக்கப் பாத்து எங்களையே எழுதிக்கச் சொல்லிட்டாங்க."

என் வீட்டுக்காரர் கடைக்குச் சேலை எடுக்க சூரத் போயிருக்கிறார். போனில் சொன்னேன். சரியாகத்தானே சொன்னாய், விடு என்று வைத்துவிட்டார். சரியாகத்தான் சொன்னேன்.

டீச்சருக்குத் தனியாக மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதிவிட்டேன். இன்னும் அனுப்பவில்லை. அதில் பிழை இருக்குமோ என்று திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டே இருக்கிறேன்.