அது நான் இல்லம்மா

அம்மா,

நேற்று மதியம் போனில் பேசிய டைரக்டர் நான் இல்லை. சினிமா டைரக்டர் மாதிரி ஆண்குரலில் பேசி உன்னை ஏழு தடவை ஏமாற்றியது நான்தான். எட்டாவதாகப் பேசியவர் அசல் டைரக்டர். அவரைப் போய், "இன்னாடி, பெத்தவகிட்டயே டகுல் வுட்டுகினு கீறியா? வூட்டாண்ட வா, வாய்ல மொளகாத்தூள கொட்றேன்!" என்று திட்டிவிட்டாய்.

மாலையில் நீ குளிக்கும்போது மறுபடி அழைத்தார். நான் எடுத்தேன். திருவொற்றியூர் மார்க்கெட்டில் நீ மீன் கூவி விற்பதைக் கேட்டுத்தான் நம்பர் வாங்கினாராம். நீ குழந்தை நட்சத்திரமாக இருந்ததே அவருக்குத் தெரியாது.

நீ நடித்தது ஆறு படங்கள், ஆறிலும் உனக்கு வேறொரு பிள்ளையின் குரல். நம் காத்திவாக்கத்துப் பேச்சு கலீஜாம். வாய்ப்புக் கொடுத்தவர்களே வாய்ப்பூட்டும் போட்டார்கள். டிவியில் அந்தப் படங்கள் வந்தால் நீ ஏன் சத்தத்தைக் குறைக்கிறாய் என்று நான் கேட்டதே இல்லை.

"அம்மா திட்டினதுக்கு சாரி சார்" என்றேன்.

"அந்தத் திட்டுதாம்மா வேணும். அம்மா வேஷம், டப்பிங்கும் அவங்களேதான்" என்றார்.

இன்று நாலு மணிக்கு அழைப்பார். வாயால் சொன்னால் நம்பமாட்டாய், அதனால்தான் எழுதுகிறேன். போன் அடிக்கும்போது உன் கண்ணெதிரே வாய் நிறையத் தண்ணீரோடு உட்கார்ந்திருப்பேன். நீ பேசு.

உன் வாலு மகள்