முனியாண்டிக்கு வைத்த சோறு

செலண்டார்
2-11-1952

அன்புள்ள கோமளா அக்காவுக்கு,

நீங்கள் தாய் வீட்டுக்குப் போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் எழுதித் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்க வேண்டும். இந்தப் பேச்செல்லாம் காதில் விழாமல் இருக்கட்டும் என்றுதான் ரங்கசாமி அண்ணன் உங்களைத் தங்கா பத்துக்கு அனுப்பினார் என்பது தெரியும். தெரிந்தே எழுதுகிறேன். தபாலில் போடப் பயம். நம் வரலாற்றுக் கழகத்து நல்லமுத்து அண்ணன், பஸ் டிக்கெட் வேலை முடிந்ததும் தானே கொண்டுவந்து தருவதாகச் சொன்னார்.

சின்னத்தம்பி அண்ணனைப் போலீஸ் இன்னும் விடவில்லை. கிளம்பிய அவசரத்தில் உங்களிடம் யாரும் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வரலாற்றுக் கழக வேலையாக அண்ணனும் நானும் பழைய லயத்துக்குப் போனோம் அல்லவா? சர்க்கார் தோட்டத்து ஜனங்களை முள்வேலி போட்ட புது ஊருக்குள் குடிவைத்த பிறகு அங்கே முனியாண்டி கல் மட்டும்தான் நிற்கிறது. அதை நட்டவர்கள் யார், எப்போது வந்தவர்கள் என்று சொல்லக்கூடியவர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் சின்னத்தம்பி அண்ணன் ஒருவர்தான். "படையல் வைக்காம அவன் கதையை நான் சொல்ல மாட்டேன், நாக்கு இழுத்துக்கும்" என்றார். கதை கேட்கப் போனால் படையல் கொண்டுபோவது நம் கழகத்திலும் வழக்கம்தானே. நீங்கள் சமைத்து, தூக்குச் சட்டியில் வைத்துத் துணியால் கட்டிக் கொடுத்தீர்கள்.

காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குக் கிடைத்துவிடும் என்று, ஊர் வாசலைத் தாண்டிச் சோறு போகக் கூடாது என்ற உத்தரவு நமக்குத் தெரியாததல்ல. சாமிக்கு வைப்பது அந்தக் கணக்கில் வராது என்று நினைத்துவிட்டோம். "முனியாண்டிக்குமா பர்மிட்டு?" என்று அண்ணன் சிரித்தார். மரம் வெட்டப் போகும் பெண்களின் கூடைகளைக் கிளறிப் பார்க்கிற வாசல் காவல்காரி, நான் டீச்சர் என்பதால் என் பையைத் தொடவில்லை.

முனியாண்டிக்கு வைத்ததை அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட வேண்டும், ஒரு பருக்கைகூட வீட்டுக்கு வரக்கூடாது. அன்று மழை பிடித்துக்கொண்டது. வாசல் மூடும் நேரமும் ஆகிவிட்டது. இலையில் அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தோம். மறுநாள் காலை அதை எடுத்துப் புதைக்கப் போன சின்னத்தம்பி அண்ணனை, ரோந்து வந்த சிப்பாய்கள் சோறும் கையுமாகப் பிடித்துவிட்டார்கள். காட்டில் இருப்பவர்களுக்கு வைத்தாராம். யார் கொடுத்தது என்றால், "நான்தான் வச்சேன்" என்பதற்கு மேல் அவர் பேசவில்லை.

அண்ணன் உங்கள் பேச்சைக் கேட்பார். வேறென்ன எழுத?

என்றும் உங்கள் அன்புள்ள,
பாக்கியலட்சுமி

---

தங்கா பத்து
5-11-1952

அன்புத் தங்கை பாக்கியத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. படித்ததும் அடுப்பில் போட்டுவிட்டேன். நீயும் இதைப் போட்டுவிடு.

நீ காலையில் ஒன்றும் சாப்பிடாமல் பள்ளிக்கூடம் போகிறாய் என்று நல்லமுத்து சொன்னான். நான் அங்கே இல்லையென்றால் இப்படித்தானா? எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பாட்டிலைத் திருப்பி அனுப்பு, இது அம்மாவுடையது.

சின்னத்தம்பி பாவம்தான். எனக்கும் தூக்கம் இல்லை. ஆனால் நீயே யோசித்துப் பார். அந்த அரிசி எங்கள் கடை அரிசி. கடையிலிருந்து போன அரிசி காட்டோரத்தில் கிடந்தது என்று ஆனால் லைசென்ஸ் மட்டுமா போகும்? உன் அண்ணனையே கொண்டுபோய் விடுவார்கள். நான் யாரிடம் போய் நிற்பேன்?

உன்னையும் நினைத்துப் பார். தோட்டத்து லயத்திலிருந்து காலேஜ் போய் டிகிரி வாங்கிய பெண் நம் பக்கத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? உன் அப்பா அந்தப் பட்டம் வாங்கிய போட்டோவை சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். எல்லாம் ஆறட்டும். பிறகு சின்னத்தம்பி குடும்பத்துக்கு நாம் செய்யாமலா போவோம்?

அன்புடன் அக்கா,
கோமளா

---

செலண்டார்
10-11-1952

அன்புள்ள அக்காவுக்கு,

ஊறுகாய் நன்றாக இருக்கிறது. பாட்டில் இத்துடன் வருகிறது.

நேற்று கடையின் பின்கட்டில் கழகக் கூட்டம் நடந்தது. அண்ணன் கதவைச் சாத்திவிட்டு, "அன்னிக்கு யாரும் எங்கயும் போகலை. சின்னத்தம்பி நம்ம மெம்பரும் இல்லை. அவ்வளவுதான்" என்றார். தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி சிவசாமி ஐயா தலையை ஆட்டினார். நல்லமுத்து அண்ணன்தான் எழுந்தார்.

"அண்ணே, கல்லை எவன் நட்டான்னு பாட்டன் காலத்துக்குப் போய்த் தேடுறோம். போன மாசம் சோறு எவன் வச்சான்னு சொல்ல இங்க ஒருத்தன் இல்லையா?"

"டிக்கெட் கிழிக்கிறவனுக்குக் கடை லைசென்ஸ் பத்தி என்னா தெரியும்? சும்மா உக்காருலா."

"உக்கார்றேன். நின்னுக்கிட்டே போறது பஸ்ஸுல மட்டும்தான் எனக்குப் பழக்கம்."

யாரும் சிரிக்கவில்லை. பிறகு அண்ணன் என் பக்கம் திரும்பி, "டீச்சர் என்னா சொல்றே?" என்றார். டீ ஆறிவிட்டது என்றேன் அக்கா. அதைத்தான் சொன்னேன்.

இன்று பள்ளிக்கூடம் விட்டதும் பெரியநாயகி அக்கா வந்தார், சின்னத்தம்பி அண்ணனின் மனைவி. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசலில் நின்றபடியே பேசினார்.

"டீச்சரம்மா, அவரைக் கப்பல் ஏத்தி ஊருக்கே திருப்பி அனுப்பப் போறாங்களாம். அவரு பொறந்தது நாமக்கல்லு. நானும் புள்ளைங்களும் இங்க பொறந்தவங்க. நாங்க எங்க போறது? யாரு சோறு குடுத்தான்னு ஒரு வார்த்தை சொல்லுன்னு கும்பிட்டுப் பாத்துட்டேன். முனியாண்டி சோத்தைக் குடுத்த கையைக் காட்டிக் குடுக்க மாட்டேங்குறாரு."

போகும்போது திரும்பிப் பார்த்து, "கல்லு கதை கேட்டீங்களே, முழுசாச் சொன்னாரா?" என்று கேட்டார்.

"பாதிதான். மழை வந்துருச்சு" என்றேன்.

"மீதி எனக்குத் தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. உங்களிடம் தவிர வேறு யாரிடம் சொல்வது?

உங்கள்,
பாக்கியம்

---

தங்கா பத்து
13-11-1952

செல்வி பாக்கியலட்சுமி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. அதில் கண்ட விஷயங்கள் எனக்குப் புரியவில்லை. குறிப்பிட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை நான் படையலுக்கென்று எதையும் சமைக்கவில்லை. யாரிடமும் கொடுத்தனுப்பவும் இல்லை. தங்களுக்கு அப்படி நினைவிருந்தால் அது தவறு. என் கணவரும் அன்று முழுவதும் கடையில்தான் இருந்தார்.

இனி இது குறித்து எனக்கு எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
திருமதி ரங்கசாமி

---

செலண்டார்
18-11-1952

அன்புள்ள கோமளா அக்காவுக்கு,

எழுத வேண்டாம் என்று சொன்ன பிறகும் எழுதுகிறேன். இதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. இதுதான் கடைசி.

உங்கள் கையெழுத்துதான், பேச்சு உங்களுடையது இல்லை. நீங்கள் என்னைத் 'தங்கள்' என்று அழைத்ததே இல்லை. அண்ணன் அங்கே வந்து, எழுதும்போது பக்கத்தில் நின்றிருப்பார். எனக்கு உங்கள்மேல் கோபம் இல்லை. கோபப்பட்டுப் பார்த்தேன், வரவில்லை. வேலைக்கு வந்த புதிதில், ஹாஸ்டலில் கற்ற பழக்கத்தில் கரண்டியால் சாப்பிட்ட என்னைப் பார்த்து, "இது என்ன ஆஸ்பத்திரியா?" என்று கேட்டுக் கையில் உருட்டிக் கொடுத்தவர் நீங்கள்.

வெள்ளிக்கிழமை போலீஸ் நிலையத்துக்குப் போகிறேன். சோற்றைக் கொண்டுபோனது நான், என் பையில். அது உண்மை. அரிசி எனக்குப் பங்கீட்டில் கிடைத்தது, சமைத்ததும் நான்தான் என்று சேர்த்துச் சொல்லப்போகிறேன். அது உண்மை இல்லை. அப்படிச் சொன்னால் அரிசி விவகாரம் உங்கள் கடைவரை வராது. அண்ணன் பெயரை நான் எடுக்க மாட்டேன். சின்னத்தம்பி அண்ணனைப் பார்க்க வியாழக்கிழமை பெரியநாயகி அக்காவை விடுகிறார்கள். "டீச்சர் தானே வந்து ஒத்துக்கொள்கிறாள், நீங்கள் காட்டிக்கொடுப்பதாக ஆகாது" என்று அவரிடம் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

வேலை போகலாம். அதற்கு மேலும் ஆகலாம். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. நல்லமுத்து அண்ணன் கூட வருகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஊர்க்கதையைக் கேட்டு எழுத வேண்டும் என்று கழகத்தில் சேர்ந்தபோது, அதில் நானும் ஒருநாள் பேச வேண்டியிருக்கும் என்று நினைக்கவில்லை.

ஒன்றுதான் எனக்கு இடிக்கிறது. முனியாண்டி கல்லுக்குப் பக்கத்தில் பெண்கள் போகக் கூடாது என்று நான் ரப்பர் மரத்தடியிலேயே நின்றுவிட்டேன். இலையில் பரிமாறியதை நான் பார்க்கவில்லை. சட்டியையும் வழியில் திறக்கவில்லை. கைக்குச் சூடாக இருந்தது, கருவாட்டு வாசம் வந்தது, அவ்வளவுதான் தெரியும். இன்ஸ்பெக்டர் கட்டாயம் கேட்பார். சிப்பாய்கள் பார்த்து எழுதி வைத்திருப்பார்கள். நான் சொல்வது அதோடு ஒத்துப்போக வேண்டும்.

அதனால் அக்கா, கடைசியாக ஒன்று கேட்கிறேன். எழுத வேண்டாம். உங்கள் கையெழுத்து எங்கேயும் இருக்க வேண்டாம். இதைக் கொண்டுவரும் நல்லமுத்து அண்ணனிடம் வாய்வார்த்தையாகச் சொன்னால் போதும்.

அன்று என்னென்ன சமைத்தீர்கள்?

பாக்கியம்